தலையாட்டாத திரை

மத்தேயு வீட்டு மகள் கேஷானி வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து என்னதான் வேலை செய்கிறாள் என்பது ஹாலிஎலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் விளங்கியதில்லை. விளங்காததை நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? வெளிநாட்டுக்காரன் எவனோடோ பேச்சு என்றார்கள். அதில் பாதி உண்மைதான். பேச்சு ஒருவனோடு அல்ல, ஒரு கூட்டத்தோடு. அதுவும் முழுக்க எழுத்தில்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத கூட்டம் அது. லாந்தர் என்று ஒரு மென்பொருளைக் கட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், யார் வேண்டுமானாலும் திருத்தட்டும் என்று இணையத்தில் திறந்து போட்டிருக்கிறார்கள். வீடு கட்டுகிறவருக்குத் தூணும் கூரைச் சட்டமும் தயாராகக் கிடைத்தால் எப்படி இருக்கும், இணையத்தளம் கட்டுகிறவருக்கு லாந்தர் அப்படி. ஆனால் அதைப் பழக வருகிறவர் முதலில் வாசிக்க வேண்டிய பக்கம் இருக்கிறதே, அது எல்லாம் தெரிந்தவர்கள் எல்லாம் தெரிந்தவர்களுக்காக எழுதியது. கேஷானியே ஒரு காலத்தில் அந்தப் பக்கத்தோடு முட்டி மோதி, கணினியை மூடிவிட்டு அழுதவள். அதை மட்டும் கூட்டத்தில் அவள் சொன்னதில்லை.

மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து புதிதாக ஒரு முதல் பக்கம் எழுதினாள், ஆங்கிலத்திலும் தமிழிலும். கூட்டம் ஒரு நிபந்தனை போட்டது. இந்த வேலையே தெரியாத ஒருவர், பக்கத்தில் யாரும் வாய் திறக்காமல், அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்து ஓர் இணையத்தளத்தை எழுப்ப வேண்டும். திரையில் நடப்பது பதிவாக வேண்டும். எழுப்பிவிட்டால் கேஷானியின் பக்கம் இணையத்தில் ஏறும். இல்லாவிட்டால் பழையதே இருக்கும், இன்னும் எத்தனையோ பேர் அதில் முட்டிக்கொள்வார்கள்.

கேஷானி பிடித்த ஆள் எதிர் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் நிரஞ்சலா. கொஞ்ச காலம் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு இப்போது பதுளையில் புடவைக்கடைக்கு வேலைக்குப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தலை சீவி, பூ வைத்து, பரீட்சைக்கு வந்த மாதிரி வந்தாள்.

"அக்கா, ஏதாச்சும் ஒடைஞ்சிருச்சுன்னா?"

"ஒண்ணும் ஒடையாது. ஆனா நிரஞ்சி, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். என்னைய பாக்கவும் கூடாது."

"பாக்கலன்னா கோவிச்சுக்குவீங்களே எப்பயும்!"

"இன்னைக்கு கோவிக்க மாட்டேன். ஆரம்பி."

நன்றாகத்தான் போனது. நிரஞ்சலா ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள். தன் பெயரைக் கேட்ட இடத்தில் வெட்கப்பட்டுக்கொண்டே அடித்தாள். லாந்தரை ஓடவிடும் கட்டளையையும் பிழையில்லாமல் கொடுத்தாள். கருப்புத் திரையில் ஒரு வரி வந்தது. அதன் கீழே சின்னக் கோடு ஒன்று கண் சிமிட்டியது. அடுத்தது பிரவுசரைத் திறந்து பார்க்க வேண்டியதுதான். பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

நிரஞ்சலா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

மலைக்கு மேலிருந்து மூடுபனி இறங்கியது. முதலில் தேயிலை மறைந்தது, பிறகு எதிர் லயத்தின் தகரக் கூரை, பிறகு முற்றத்தில் காய்ந்த துணி. ஜன்னல் வழியாக உள்ளே வந்து மேசைக் காலைச் சுற்றிக்கொண்டது. கீழே எங்கோ பதுளை ரயில் கூவியது. ரயிலைக் காணோம், கூவல் மட்டும் வெள்ளைக்குள் நெடுநேரம் போய்க்கொண்டிருந்தது. அறையே ரயில் பெட்டியாகி மெல்ல நகர்வது போல கேஷானிக்கு இருந்தது. கோடு சிமிட்டியது. பனிக்குள் ஆட்கள் தெரிந்தார்கள், வரிசை வரிசையாக. ஏதேதோ நாட்டுக்காரர்கள், ஏதேதோ மேசைகள், எல்லாருடைய கையும் மடியில். எல்லாரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் வீங்கிய கண்ணோடு ஒருத்தி. கேஷானிக்கு அவளைத் தெரியும்.

ஜன்னலில் ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டு வேலாயி. இந்தத் தோட்டத்தில் பனி கூட அவளிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கும்.

"என்னா புள்ளைகளா, மொகத்த தூக்கி வச்சிருக்கீங்க? சண்டையா?"

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சரி, சண்டதான்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பனி கலைவதற்குள் சேதியைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் புறப்பட்டாள்.

அப்போதுதான் நிரஞ்சலா, கூடாது என்று தெரிந்தும், திரும்பி கேஷானியைப் பார்த்தாள். ஒரு தலையாட்டல் போதும். பதிவாவது திரை மட்டும்தான். கழுத்து அசைந்ததை எந்த நாட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்? கேஷானியின் கழுத்து அசையத்தான் பார்த்தது. பனிக்குள் அந்தக் கடைசி வரிசைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தலையாட்ட அன்றைக்கு யாரும் இருக்கவில்லை.

கேஷானி கையை நீட்டிப் பதிவை நிறுத்தினாள்.

"எதுக்குடி காத்துக்கிட்டு இருக்க?"

"அது இன்னும் முடிக்கலயே அக்கா. கொழுந்த தராசுல போட்டுட்டு, எடை எழுதுற கணக்கப்புள்ள தலையாட்டாம யாராச்சும் நகருவாங்களா? அப்புறம் வாங்கிக் கட்டிக்கவா?" குரல் இறங்கியது. "எனக்குத்தான் மண்டையில ஏறல போல."

"அது முடிக்கவே முடிக்காது நிரஞ்சி. நாம நிப்பாட்டுற வரைக்கும் ஓடிக்கிட்டேதான் இருக்கும்."

"அப்ப அத அது வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா?"

கேஷானி கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அன்றே கூட்டத்துக்கு எழுதினாள்: சோதனை தோற்றது, என் பக்கம் போதாது. கொஞ்சம் யோசித்து இன்னொன்றையும் சேர்த்தாள்: நானும் முதல் தடவை இந்த இடத்தில்தான் காத்திருந்து அழுதேன். லாந்தரைத் தொடக்கத்திலிருந்து கட்டியவர், இதில் காத்திருக்க என்ன இருக்கிறது என்று கேட்டார். அவருக்கு அவள் பதில் எழுதுவதற்குள் வேறு யாரோ எழுதினார்கள்: நானும். பிறகு இன்னொருவர்: நானும்தான், வெட்கத்தில் சொல்லவில்லை. பனியிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வருவது போல வந்துகொண்டே இருந்தார்கள்.

பக்கத்தைத் திருத்திப் பயனில்லை என்று முடிவானது. லாந்தரையே பேச வைத்தார்கள். கட்டளை கொடுத்ததும் திரையில் வரும்படி கேஷானி எழுதிய வரிகள்: லாந்தர் எரிகிறது. நீங்கள் அணைக்கும்வரை எரியும். இனிப் பிரவுசரைத் திறந்து பாருங்கள்.

மறுபடி சோதிக்க, தெரியாத ஆள் வேண்டுமே! நிரஞ்சலாவுக்குத்தான் இப்போது தெரிந்துவிட்டதே. அடுத்த ஞாயிறு, சண்டை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க வேலாயி தானாகவே உள்ளே வந்தாள். பிடித்து உட்கார வைத்தார்கள்.

"நானா? செல்போன்ல சீரியல் பாக்குற கையி இது."

"அது போதும்," என்றாள் நிரஞ்சலா. "படிச்சுப் படிச்சு செய்யிங்க. நாங்க பேச மாட்டோம்."

"நீங்கதான் பேசிக்கிறதே இல்லயே!"

வேலாயி சத்தமாக, எழுத்துக் கூட்டி, இடையிடையே திரையைத் திட்டிக்கொண்டு வாசித்தாள். கட்டளையைக் கொடுத்தாள். கோடு சிமிட்டியது. வெளியே பனி எட்டிப் பார்த்தது.

"லாந்தர் எரிகிறது," என்று வாசித்தாள் வேலாயி. "எரியட்டும். அணைக்கும்வரை எரியும்... பிரவுசரை..." பெரியவர் யாரோ உத்தரவு கொடுத்த மாதிரி திரையைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டினாள். "சரிங்க." பிரவுசரைத் திறந்தாள்.

வெள்ளைப் பக்கத்தின் நடுவில் மெதுவாக எழுத்து தெளிந்தது: வணக்கம், வேலாயி.

"ஐயையோ, எம்பேர அதுக்கு யாரு சொன்னா?"

"நீங்கதானே அடிச்சீங்க!" என்று நிரஞ்சலா சிரித்தாள். கேஷானி பதிவை நிறுத்தி, அப்படியே கூட்டத்துக்கு அனுப்பினாள். பக்கம் ஏறியது.

வேலாயியின் தலையாட்டல் மட்டும் பதிவில் இல்லை.