காயம் பத்து, காயமில்லை பத்து

புஸ்பம் ரீச்சரை இராணுவம் புழுக்களோடு மறித்து வைத்ததற்கு மூல காரணம் இரசாயனவியல் அருமைநாயகம் மாஸ்டர்தான்.

ஆசிரியர் அறையில் ரீச்சர் ஒரு விஞ்ஞான சஞ்சிகையில் வாசித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். தக்காளியின் ஓர் இலையைப் புழு கடித்தால், நசுங்கிய கலங்களிலிருந்து சின்னஞ்சிறு புரதத் துண்டு ஒன்று கசிந்து, செடிக்குள் சாறு ஓடும் குழாய் வழியே மற்ற இலைகளுக்குப் போகிறதாம். அது போய்த் தட்டியதும் அங்குள்ள கலங்கள் தங்கள் மென்சவ்வின் கொழுப்பிலிருந்து ஓர் ஓமோனை உண்டாக்குகின்றன. அதன் கட்டளைப்படி, கடிபடாத இலைகளும் புழுவின் வயிற்றில் புரதம் சமிக்க விடாத ஒரு பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்கின்றன.

"நரம்புமில்ல, மூளையுமில்ல. மறுகா எப்பிடிச் சேதி போற? தந்தி அடிக்குதோ?" என்றார் மாஸ்டர். அறையே சிரித்தது.

"சிரிங்க. நான் காட்டுறன்" என்றார் ரீச்சர்.

தன்னாமுனையில் ரீச்சரின் வீட்டுக் கிணற்றடியில் தக்காளிச் சட்டிகள் வரிசையாக எழுந்தன. பாதிச் செடிகளில் அடி இலையைக் குறட்டால் நசுக்கினார். மறு பாதியைத் தொடவேயில்லை. பிறகு எல்லாச் செடிகளின் மேல் இலைகளிலும் ஒரே அளவான புழுக்களை விட்டார். புழுக்கள் தின்றன, வளர்ந்தன. ஆனால் எது மெலிந்தது, எது கொழுத்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. நிறுக்க வேண்டும். பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் அகதிகள் தங்கிப் போன பிறகு தராசுக்கு ஒரு தட்டுத்தான் மிச்சம்.

நகைவேலை செய்யும் நல்லரத்தினம் பத்தரிடம் போய்க் கெஞ்சினார். ஒருவருக்கும் தெரியக்கூடாது, பின்கதவால் வரவேண்டும் என்ற நிபந்தனையோடு பத்தர் சம்மதித்தார்.

ரீச்சர் இரண்டு பால்மா டின்களில் துளை போட்டுப் பத்துப் பத்தாகப் புழுக்களை நிரப்பினார். மாறிப் போகாமலிருக்க, நசுக்கிய செடிகளின் புழுக்கள் இருந்ததில் 'காயம் 10' என்றும் மற்றதில் 'காயமில்லை 10' என்றும் தாளில் எழுதி ஒட்டினார். பத்தரின் கடைக்குச் சற்று முன்னால்தான், போவோர் வருவோரை இராணுவம் மறித்துச் சோதிக்கும் சென்றி இருந்தது. அங்கே ரீச்சரை மறித்து டின்களை வாங்கினார்கள்.

சென்றியில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஏறாவூரைச் சேர்ந்த ஊர்காவல் படைக்காரர் அசனார் ஒருவர்தான். அவர் டின்னை உருட்டிப் பார்த்து, பக்கத்தில் நின்ற கப்டனிடம் சிங்களத்தில் சொன்னார்: "காயப்பட்டவர்கள், பத்து."

கப்டன் நிமிர்ந்தார். அசனாரின் முகம் வெளிறியது.

"ரீச்சர், காயப்பட்ட பத்துப் பேரும் எங்க எண்டு சேர் கேக்கார்."

"டின்னுக்குள்ளதான்."

"டின்னுக்குள்ள எப்பிடி ஆள் இரிக்கிற?"

"ஆளில்ல, புழு. காயம் புழுவுக்கில்ல, தக்காளி மரத்துக்கு. ஒரு இலை காயப்பட்டா மத்த இலையளுக்குச் சேதி போகும். அதுகளும் எதிர்க்க ஆயத்தமாகிரும்."

அசனார் வியர்வையைத் துடைத்தார். "இத இப்பிடியே சொன்னா என்னயும் சேத்து அடைப்பாங்க. சேதி எண்ட சொல்ல உட்டுட்டுச் சொல்லுங்க ரீச்சர்."

"சேதிதானே போகுது, வேற எப்பிடிச் சொல்ற?"

அசனார் சொன்னார். சேதியை எவன் கொண்டு போகிறான் என்று கப்டன் கேட்டார். ஒரு சின்னப் புரதம் என்றார் ரீச்சர். 'புரதம்' என்பதற்குச் சிங்களம் தெரியாமல் அசனார் திணறி, "ஒரு சின்ன ஆள்" என்றார். அவன் பெயர் என்ன என்று அடுத்த கேள்வி வந்தது.

"சிஸ்ரமின்" என்றார் ரீச்சர், உண்மையை மறைக்கத் தெரியாமல். "அமெரிக்காவில கண்டுபிடிச்சது."

"சிஸ்ரமின். அமெரிக்காவில் பிடிபட்டிருக்கிறான்" என்று மொழிபெயர்த்தார் அசனார்.

டின்கள் திறக்கப்பட்டன. துவக்கோடு சூழ்ந்து நின்ற சிப்பாய்கள், நெளியும் பச்சைப் புழுக்களைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினார்கள். இவற்றை எங்கே கொண்டு போகிறாய் என்று கேட்க, ரீச்சர் பத்தரின் பெயரைச் சொல்ல வேண்டியதாயிற்று.

பத்தரை அழைத்து வந்தார்கள். சோதனைக்கு வரிசையில் நின்ற பெண்களில் பாதிப்பேர் அவருடைய வாடிக்கைக்காரர்கள். அவர்களை ஒருதரம் பார்த்துவிட்டுப் பத்தர் நெஞ்சில் கை வைத்தார்.

"தாலிக்குப் பொன் நிறுக்கிற தராசு சேர்! அதில நான் புழு நிறுப்பனா?"

ரீச்சர் பத்தரின் பக்கம் திரும்பினார். "பத்தர், நீங்க இல்லையெண்டா என்னய முகாமுக்குக் கொண்டு போயிருவாங்க."

பத்தர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு முனகினார்: "நிறுத்துப்போட்டுக் கழுவலாமெண்டு நினைச்சன்."

"என்ன கா இது!" என்று வரிசையில் நின்ற ஸஹீதா தன் காதுப்பூவைப் பொத்திக்கொண்டாள்.

கப்டன் தராசைக் கொண்டுவரச் சொன்னார். மணல் மூட்டையின் மேல் தராசு ஏறியது. வாவிப் பக்கமிருந்து காற்று வீச, தட்டுகள் ஆடின. நான்கு சிப்பாய்கள் மழைக்கோட்டை விரித்து மறைப்புப் பிடித்தார்கள். ஒரு தட்டில் காயம், மற்றதில் காயமில்லை. ஊர்ந்து தப்பிய புழுவொன்றைக் கப்டனே பிடித்துப் போட்டார். எல்லோரும் மூச்சை அடக்கினார்கள். காயமில்லைத் தட்டு மெல்ல மெல்ல இறங்கி மூட்டையைத் தொட்டது.

"பாத்தீங்களா!" என்று கத்தியபடி ரீச்சர் கப்டனின் தோளில் ஓங்கித் தட்டிவிட்டார். தட்டிய பிறகுதான் அது யாருடைய தோள் என்பது உறைத்தது. அசனார் கண்ணை மூடிக்கொண்டார்.

கப்டன் சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை. தட்டுகளைப் பார்த்தபடி ஏதோ கேட்டார்.

"அந்த நசுங்கின இலை மறுகா சுகமாகுமா எண்டு கேக்கார்."

"ஆகாது. நசுங்கின இடத்துக் கலம் செத்துக் காஞ்சிரும், ஓரத்துக் கலம் தடிச்சு மூடிக்கும். அந்த இலை அப்பிடியேதான் இரிக்கும். மரம் வேற இலை உடும்."

இதை அசனார் நிதானமாக, பிழையில்லாமல் சொன்னார். கப்டன் தலையாட்டிவிட்டு ரீச்சரைப் போகவிட்டார். புழுக்களை மட்டும் விடவில்லை. ஒரு சிப்பாய் டின்களைச் சென்றிக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டினான்.

அருமைநாயகம் மாஸ்டர் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. காற்றுத்தான் தட்டை அமத்தியிருக்கும் என்றார்.

அடுத்த கிழமை ரீச்சர் அவ்வழியால் போனபோது அசனார் ஓடிவந்து சைக்கிளைப் பிடித்தார். "ரீச்சர், சேர் உங்களப் பாத்துக்கொண்டு நிக்கார்." சென்றிக்குப் பின்னால்தான் சிப்பாய்கள் தங்கள் கறிக்குத் தக்காளி நட்டிருந்தார்கள். இலையெல்லாம் சல்லடை. கப்டன் இடுப்பில் கை வைத்தபடி பாத்திக்கு நடுவே நின்றார்.

ரீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "குறடு இரிக்கா?" என்று கேட்டார்.

சென்றியில் இருந்த ஆறு பேரும் துவக்குகளைச் சாத்திவிட்டு, செடிக்கு ஓர் இலையாக நசுக்கத் தொடங்கினார்கள். "மெதுவா, மெதுவா! புடுங்காதீங்க!" என்று ரீச்சர் கத்த, அசனார் சிங்களத்தில் கத்தினார். றோட்டில் நின்ற சனம் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தது. சோதிக்க ஒருவரும் வராததால், பைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பேசாமல் கடந்து போனார்கள்.