நியாயக்காரி

"குடு, நான் சீவுறேன்" என்று பெரியவள் சீப்புக்குக் கை நீட்டினாள். மகள் கொடுக்கவில்லை.

"நானே பாத்துக்கிறேம்மா. இழுத்துச் சீவினா சித்திக்கு வலிக்கும்."

செத்தவளுக்கு என்னடி வலி என்று நாக்கு நுனிவரை வந்தது. கூடம் நிறைய ஆட்கள் இருந்ததால் பெரியவள் விழுங்கிக்கொண்டாள். கூடத்தின் நடுவே கிடத்தியிருந்த சித்தியின் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மகள் நரைமுடியில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் பெரியவளுக்கு முட்டி ஆபரேஷன் நடந்தபோது இதே மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. சித்தி விடியற்காலையில் போய்விட்டாள் என்றதும் மதியத்துக்குள் வந்து நிற்கிறாள். இதற்கு மட்டும் எப்படிக் கிடைத்ததோ.

வாசலில் செருப்புகள் படி தாண்டித் தெருவரை கிடந்தன. நான் போனால் இதில் பாதியாவது கிடக்குமா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது போகாமல் முள்ளாய் நின்றது.

இறந்தவள் அவளுடைய கொழுந்தனின் மனைவி. வீட்டில் ஒருத்தி பெரியவள், இன்னொருத்தி சின்னவள். கொழுந்தன் இள வயதிலேயே போய்விட்டார். சின்னவள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு மாடி அறையில் இருந்தாள். புருஷனை இழந்தவள் மூலையில் சுருண்டு கிடப்பாள் என்று நினைத்த பெரியவள், ஆறுதல் சொல்லத் தயாராகத்தான் இருந்தாள். சின்னவளோ கொஞ்ச காலத்தில் சிரிக்க ஆரம்பித்தாள். அதே பள்ளியின் டிராயிங் மாஸ்டர் சாயங்காலம் தெருமுனைவரை கூடவே நடந்து வருவார். அங்கே நின்று அவர் ஏதோ சொல்வார், இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். உயிரோடு இருக்கிற புருஷனோடு பெரியவள் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை.

இதை வெளியே சொல்ல முடியுமா? குடும்ப மானம் என்று சொல்ல முடிந்தது. தெருவில் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு தலைமை ஆசிரியையிடம் போனாள். "எனக்கு அவ மேல என்னங்க கோபம்? பிள்ளைங்க படிக்கிற இடமாச்சே, அதான் மனசு கேக்கல" என்றபோது அவள் குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை.

சின்னவளுக்கு வேலை போயிற்று. மாஸ்டரை எங்கேயோ தூக்கியடித்தார்கள். பெரியவள் அதோடு விடவில்லை. வீட்டில் யாரும் அவளோடு பேசக் கூடாது, மாடிப்படியை மிதிக்கக் கூடாது என்று சட்டம் போட்டாள், தானும் மிதிக்கவில்லை. போக்கிடம் இல்லாத சின்னவள், வெளிப் பிள்ளைகளுக்கு மாடியில் பாடம் சொல்லி வயிற்றைக் கழுவினாள். மகள் திருட்டுத்தனமாக மேலே போய்வந்திருக்கிறாள் என்பது இன்றைக்கு அந்தச் சீப்புப் பிடித்த கையைப் பார்த்த பிறகுதான் பெரியவளுக்குப் புரிந்தது.

பக்கத்தில் நர்ஸ் உடுப்போடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"நீங்க டீச்சருக்கு என்ன வேணும்?"

"ஓரகத்தி. நான் மூத்தவ."

"குடுத்து வச்சவங்க நீங்க, ஒரே வீட்ல இருந்திருக்கீங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மாடியிலதான் எனக்குப் பாடம் எடுத்தாங்க. அந்தக் காலத்துல பொம்பளைங்கள சூனியக்காரின்னு உயிரோட எரிச்ச பாடம். விறகு கொண்டாந்து போட்டது யாருன்னு கேட்டாங்க. கெட்டவங்கன்னேன். இல்லம்மா, எல்லாரும் நல்லவங்கதான், நல்லது செய்யிறோம்னு நெனச்சுதான் போட்டாங்க, அன்னிக்கு ராத்திரி நிம்மதியா தூங்கியிருப்பாங்கன்னாங்க. எனக்கு வந்த கோபம்கூட டீச்சருக்கு வரல."

பெரியவள் மகள் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு, "எங்களப் பத்தி எதாவது சொல்வாளா?" என்று கேட்டாள்.

"இல்லையே."

ஒரு வார்த்தைகூடவா இல்லை? திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

அப்போது வாசலில் ஒரு கிழவர் கைத்தடியோடு வந்து நின்றார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. பெரியவள் முட்டிவலியை மறந்து எழுந்து போனாள்.

"யாரு வேணும்?"

டிராயிங் மாஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஒரே ஒரு தடவ முகத்தப் பாத்துட்டுப் போயிடறேங்க."

"குடும்பத்து ஆளுங்க மட்டுந்தான். செத்த பிறகாவது அவ பேரு கெடாம இருக்கட்டும்."

இப்போதும் குரல் தழுதழுத்தது. அவர் அத்தனை செருப்புகளையும் ஒரு பார்வை பார்த்தார். தெருவின் எதிர்ப்பக்கம் போய் வெயிலில் நின்றார்.

"விடேன்டி, பாத்துட்டுப் போகட்டும்" என்று கணவர் முணுமுணுத்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

மகள் எழுந்தாள். தெருவைக் கடந்து போய் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். வாசலை அடைத்து நின்ற பெரியவளிடம், "வழி விடும்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பெரியவள் விலகினாள்.

அவர் அழவில்லை. குனிந்து சின்னவளின் காதருகில் ஏதோ சொன்னார். அது என்ன என்று பெரியவளுக்கு உடம்பெல்லாம் காதாயிற்று. ஒன்றும் கேட்கவில்லை.

வண்டி வந்தது. டிரைவர், "முன்னாடி ஒருத்தர் உக்காரலாம்" என்றான். பெரியவள் ஓரடி எடுத்து வைத்தாள். அதற்குள் மகள் மாஸ்டரை ஏற்றி உட்காரவைத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள். கணவரும் மற்றவர்களும் கிடைத்த வண்டிகளில் போனார்கள். தெரு காலியாயிற்று.

பெரியவள் திரும்பி வந்தாள். வருகிறவர்கள் குளிக்க வெந்நீர் வைத்தாள். பிறகு, மாடி அறையைப் பூட்ட வேண்டுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறினாள்.

ஒடுங்கிய கட்டில். சுவரெல்லாம் புத்தகம். பின்பக்க ஜன்னலை ஒட்டி ஒரு நாற்காலி. முட்டி விண்ணென்று தெறித்ததால் அதில் உட்கார்ந்தாள். கீழிருந்து பார்க்கும்போது அந்த ஜன்னலில் எப்போதும் திரை மூடியேதான் தெரியும். இப்போதும் மூடியிருந்தது. திரையின் ஓரம் ஓரிடத்தில் மட்டும், விரலால் பிடித்துப் பிடித்து நைந்து அழுக்கேறியிருந்தது. பெரியவள் அதே இடத்தைப் பிடித்து விலக்கினாள்.

கொல்லைக்கு எதிர்ப்புறம், கீழே அவளுடைய சமையலறை. திறந்த கதவு வழியாக எல்லாமே தெரிந்தது: அடுப்பு, கணவர் உட்கார்ந்து சாப்பிடும் முக்காலி, மகள் சின்ன வயதில் சுவரில் கிறுக்கியது.

அடுப்பில் தண்ணீர் கொதித்து மூடி குதித்துக்கொண்டிருந்தது. பெரியவள் இறங்கிப் போகாமல் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.