நிரஞ்சலாவின் பாதி

பீலிக் குழாயில் தண்ணீர் நூலாக விழுந்துகொண்டிருந்தது. நிரஞ்சலா வாளி நிறையக் காத்து நின்றபோது மேல் லயத்து வீட்டு வரிசையில் தங்கள் வாசலிலிருந்து அண்ணன் அஜந்தனின் சத்தம் கேட்டது.

“ஏய், ஒன் லினக்ஸு என் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டிருச்சுடி! வந்து பாரு!”

துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிரஞ்சலா அவசரப்படவில்லை. வாளி வழியும்வரை நின்று, அதைத் தூக்கிக்கொண்டு, பாதி வழியில் கை மாற்றி, நிதானமாகவே படியேறினாள். அவன் கத்தினால் மெதுவாக நடப்பது என்று அவள் எப்போதோ பழகிக்கொண்டுவிட்டாள். அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்தியதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான்.

முன்னறையில் கணினித் திரை கறுத்துக் கிடந்தது. மேலே ஆங்கிலத்தில் இரண்டே வரிகள். தேடிய பகுதி வன்வட்டில் இல்லை என்றது முதல் வரி. அடுத்த வரியில் ஒரு சின்னக் கோடு, யாராவது ஏதாவது சொல்லமாட்டார்களா என்பதுபோல மின்னிக்கொண்டிருந்தது.

“கரண்டு போயி வந்திச்சு. அப்பருந்து இதான் நிக்குது. என் விண்டோஸுக்குள்ளயே போக முடியல,” என்றான் அஜந்தன். “ஹாலிஎல பொண்ணு வீட்டுக்காரங்க இன்னைக்கு கல்யாண வீடியோவுக்கு வாராங்க. நல்லா இருந்த பொட்டிக்குள்ள இன்னொன்ன ஏத்தி நாசமாக்கி வச்சிருக்க நீ.”

அந்தப் பெட்டி அவள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது வீட்டுக்கு வந்தது. பிறகு அஜந்தன் ஸ்பிரிங்வெளியிலும் சுற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும் கல்யாண வீடியோ எடுக்கத் தொடங்கினான். ஆம்பளப் புள்ள தொழில் பண்ணுறான், கொஞ்சம் விட்டுக்குடு என்று அம்மா இராக்கம்மா சொல்லிவிட்டாள். நிரஞ்சலா விட்டுக்கொடுக்கவில்லை, பிரித்துக்கொண்டாள். வட்டில் ஒரு பாதி அவனுடைய விண்டோஸுக்கு, மறு பாதி தன்னுடைய லினக்ஸுக்கு. பெட்டியைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் வரும். அதில் தன்னுடையதை மேலே வைத்தாள். கீழ் அம்பைச் சட்டென்று அழுத்தாவிட்டால் பெட்டி நேரே லினக்ஸுக்குள் போய் அவளுடைய பாஸ்வேர்டைக் கேட்கும். பெட்டியைப் போட்டுவிட்டு பிளேன்டீ எடுக்கப் போகிற அஜந்தன் திரும்பி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடி அணைத்துப் போட வேண்டும். வரிசையை மாற்றித் தரும்படி பல தடவை கேட்டிருக்கிறான். ஒரு நிமிட வேலை. அவள் மாற்றவில்லை. கிழமை நாட்களில் பதுளை டவுனில் போர்டிங்கில் இருக்கும்போது, அவன் திட்டிக்கொண்டே அந்த அம்பை அழுத்துவதை நினைத்தால் அவளுக்கு ஒரு திருப்தி வரும்.

இப்போது அந்த இரண்டு வரிகளை அவள் இன்னொரு தடவை படித்தாள். பைக்குள் எப்போதும் வைத்திருக்கும் பென் டிரைவைச் செருகினாள். வட்டைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸ் அதில் இருந்தது. அது திறந்ததும் வட்டின் பிரிவுகளைப் பார்த்தாள். அஜந்தன் வீடியோ வைக்கும் பகுதி வட்டின் கடைசி விளிம்புவரை வீங்கிக் கிடந்தது. அவளுடைய பாதி இருந்த இடத்தில் அவளுடைய பாதி இல்லை.

“என் பக்கத்த அழிச்சியா?”

அவன் கேமராப் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

“ஒன்னத்தான் கேக்குறேன். அழிச்சியா?”

“எடம் பத்தல. ஹாலிஎல கல்யாணம் ரெண்டு கேமராவுல எடுத்தது. அடுத்த கல்யாணத்துக்கு மெமரி கார்டு வேணும்ல, நேத்து எல்லாத்தயும் ஏத்திட்டு கார்ட காலி பண்ணிட்டேன். நீ கிழமைக்கு ஒருக்கா வாற. அது சும்மாதானே கெடந்திச்சு.”

“சும்மா கெடந்திச்சா?”

சும்மா கிடந்தவை குரல்கள். தோட்டத்துப் பெண்கள் பேசுகிற தமிழைக் கைபேசிக்குப் புரியவைப்பது அவளுடைய கடைசி வருட ஆய்வு. இப்போது இருக்கும் எந்த நிரலும் அவர்கள் பேசினால் பாதியை விழுங்கிவிட்டு வேறெதையோ எழுதும். அதற்காகப் பூனாகலை வரைக்கும் பஸ் ஏறிப் போய், கொழுந்து நிறுக்கும் இடத்தில் காத்திருந்து, என் கொரல் ஒனக்கு எதுக்கு என்று வெட்கப்பட்டவர்களையெல்லாம் கெஞ்சிப் பேச வைத்துப் பதிவு செய்திருந்தாள். எழுதிய நிரலுக்குப் பென் டிரைவில் பிரதி இருந்தது. குரல்கள் பெரியவை. லயத்தில் கிடைக்கிற சிக்னலில் அவற்றை எங்கும் ஏற்ற முடியாது. அவை இந்த வட்டில் மட்டுமே இருந்தன. மாதக் கடைசியில் ஆய்வைக் கையளிக்க வேண்டும்.

“நீ அழிச்சதாலதான் ஒன்னோடதும் போச்சு,” என்றாள். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வைத்தாள். “அந்தப் பட்டியலக் காட்டுற புரோகிராம் என் பக்கத்துலதான் இருந்திச்சு. இப்ப அதுக்கு ஒன் விண்டோஸுக்கு வழி காட்டத் தெரியல.”

“இதெல்லாம் எனக்கெதுக்கு? சரி பண்ணு.”

“தள்ளி நில்லு.”

அடுப்படியிலிருந்து அம்மா, “லயமே கேக்குது, வாய மூடுங்க ரெண்டு பேரும்,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “மொதல்ல அவனோடத பாத்துக் குடுடி. ஆளுங்க வாராங்கல்ல,” என்றாள்.

நிரஞ்சலா தொலைந்த பகுதிகளைத் தேடும் நிரலை ஓடவிட்டாள். அது வட்டை ஓரத்திலிருந்து துழாவிக்கொண்டு போய், கடைசியில் அவளுடைய பழைய பாதியின் எல்லையைக் கண்டுபிடித்துப் பச்சை நிறத்தில் காட்டியது. பழைய எல்லையை மறுபடி எழுதவா என்று கேட்டது. ஒய் என்ற எழுத்தை அழுத்த வேண்டியதுதான். எழுதினால் அவளுடைய பாதி திரும்பி வரும். இன்னும் மேலெழுதப்படாதவை அதற்குள் இருக்கும். அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் அஜந்தனின் கல்யாண வீடியோ சிதறிப்போகும்.

விரலை அந்த எழுத்தின் மேல் வைத்தாள். பிளாஸ்டிக் வழுவழுப்பாக இருந்தது. அவன் கார்டுகளை அழித்துவிட்டான். வேறெங்கும் அந்தக் கல்யாணம் இல்லை. சும்மா கிடந்தது என்று தானும் சொல்லலாம் என்ற நினைப்பு அவளுக்கு இனித்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

வந்தது ஹாலிஎல மணப்பெண் தயானியேதான். சேலையில் கறுப்புக் கரை. அவளுடைய அப்பா கனகசுந்தரம் பதுளை அரச அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்தவர், யாழ்ப்பாணத்துக்காரர். கல்யாணம் முடிந்த மறு கிழமையே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார் என்று அஜந்தன் வீட்டில் சொல்லியிருந்தான். கையில் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொண்டு அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

“தம்பி, நாளைக்கு அப்பாவின்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. முழுக்க முடியாட்டிலும் பரவாயில்லை. அப்பா தாரை வார்க்கிற இடம் மட்டும் தந்தாலும் காணும்.”

“அக்கா, அது வந்து... பொட்டி கொஞ்சம்...” அஜந்தன் தலையைச் சொறிந்தான். “தங்கச்சி பாத்துக்கிட்டு இருக்கா.”

தயானி நிரஞ்சலாவைப் பார்த்தாள். “என்ன நடந்தது? வீடியோ இருக்கோ, இல்லையோ?”

இருந்தது. இருக்கிறது என்று ஒரு சொல் சொன்னால் போதும். நிரஞ்சலா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “இவரயே கேளுங்க. கார்டெல்லாம் இவருதான் அழிச்சாரு,” என்றாள்.

அஜந்தனின் முகம் வெளிறுவதைப் பார்க்கத்தான் அப்படிச் சொன்னாள். வெளிறவும் செய்தது. ஆனால் தயானி கத்தவில்லை, யாரையும் ஏசவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஹார்ட் டிஸ்க்கை மடியில் வைத்து, அதன் வயரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். “போன்ல எடுத்த படம் எல்லாத்திலயும் அப்பா குனிஞ்சுகொண்டு நிக்கிறார்,” என்றாள். “ஒண்டிலயும் முகம் இல்லை.”

நிரஞ்சலாவுக்குக் காது சூடேறியது. தேடும் நிரலை எதுவும் எழுதாமல் மூடினாள்.

“இருக்குக்கா. எந்திரிச்சு வாங்க.”

விண்டோஸ் இல்லாமலே அஜந்தனின் பகுதியைத் திறந்து ஒரு கோப்பை ஓடவிட்டாள். மேளச் சத்தம் அறைக்குள் கொட்டியது. கனகசுந்தரம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஐயர் ஏதோ சொல்ல நிமிர்ந்து சிரித்தார். தயானி திரைக்கு மிக அருகில் போய் நின்று பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அவள் குரல் வேறாக இருந்தது.

“இருக்குதெண்டு தெரிஞ்சுகொண்டே சொல்லாமல் இருந்தனீர், என்ன? உங்கட சண்டைக்கு என்ர அப்பாவோ கிடைச்சவர்?”

நிரஞ்சலா எல்லாவற்றையும் அந்த ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிக் கொடுத்தாள். நேரமெடுத்தது. அம்மா கொண்டுவந்து வைத்த தேநீரைத் தயானி தொடவில்லை. போகும்போது அஜந்தனிடம், “மிச்சத்தை வேற ஆளிட்டக் குடுத்துச் செய்விக்கிறம்,” என்று மட்டும் சொன்னாள்.

ஆட்டோ சத்தம் வளைவில் மறையும்வரை அஜந்தன் வாசலில் நின்றான். பிறகு உள்ளே வந்தான்.

“வெளியாளுக்கு முன்னுக்கு வச்சி அவமானப்படுத்திட்ட. சந்தோசமா?”

“இன்னும் இல்ல.”

“அதான் எல்லாம் கெடைச்சிருச்சுல்ல. இப்ப என் விண்டோஸக் கொண்டு வா.”

அவள் தன் பழைய பாதியை மறுபடி தேடவிட்டாள். இந்த முறை ஒய்யை அழுத்தினாள். கோப்புகளின் பெயர்கள் வரிசையாக இறங்கின. எல்லாப் பெயர்களும் இருந்தன. ஒரு நொடி அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் பெயர் இருப்பதில் ஒன்றுமில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். வரிசையில் முதலாவதாக இருந்த அம்மாவின் குரலைத் திறந்தாள்.

“எம் பேரு இராக்கம்மா,” என்றது ஸ்பீக்கர். “பதினாறு வயசுல தோட்டத்துல பேரு பதிஞ்சேன். அப்பல்லாம் பேரு கூப்புடுற பெரட்டுக்கு விடியமுன்னயே போயிறணும், கங்காணி வந்து...”

பிறகு குரல் அறுந்தது. தகரக் கூரையில் பெருமழை விழுவதுபோல ஓர் இரைச்சல் கிளம்பி, விடாமல் கொட்டியது. கல்யாண வீடியோ மேலே ஏறி உட்கார்ந்த இடம் அது.

“சத்தத்தக் கொறடி,” என்றான் அஜந்தன்.

நிரஞ்சலா கூட்டினாள். இரைச்சல் அறையை நிறைத்து, வாசலைத் தாண்டி லயத்து முற்றத்தில் இறங்கியது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அவள் இன்னும் கூட்டினாள்.

மாவு ஒட்டிய கையோடு அடுப்படி வாசலுக்கு வந்திருந்த இராக்கம்மா இருவரையும் பார்க்கவில்லை. ஸ்பீக்கரின் பக்கத்தில் போய்க் குனிந்து, தலையைச் சாய்த்து, அந்த இரைச்சலுக்குள் காதை வைத்து நின்றாள்.