நான்காம் முறைக்கு ஃபோர்ஃபிட்

2019 மார்ச் 14, வியாழக்கிழமை காலை, எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளப் பொது அறை பூட்டிக் கிடந்தது. உடற்பயிற்சிக்கு வந்த பெண்கள் சுருட்டிய பாயைக் கக்கத்தில் இடுக்கியபடி வாசலில் நின்றார்கள். காவலாளியின் அறையில், ஆணியில் தொங்கவேண்டிய சாவி, முந்தைய மாலை அங்கே கேரம் ஆடிய என் கணவரின் சட்டைப் பையில் இருந்தது. இது நான்காம் முறை. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் நான்.

சாவியைத் திருப்பி மாட்டாதவர்களுக்கான தண்டனை அறிவிப்பும் என் கைவேலையே. பல மொழிக்காரர்கள் வாழும் கட்டடம் என்பதால் அதை ஆங்கிலத்தில் எழுதினேன். நூலகச் சீட்டிலிருந்து ஃபைன், மின்கட்டண ரசீதிலிருந்து சர்சார்ஜ், வரி அலுவலகக் கடிதத்திலிருந்து பெனால்டி என்று படிப்படியாக ஏற்றினேன். நான்காம் படிக்கு இன்னும் கனமான சொல் வேண்டும் என்று தேடி, வீட்டுக்கடன் பத்திரத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து ஃபோர்ஃபிட்டை எடுத்துவைத்தேன். அந்தப் படிவரை எவரும் வந்து சேர்வார் என்று நான் எண்ணவில்லை.

முதல் மூன்று படிகளையும் அவர் சிரித்துக்கொண்டே கடந்தார். "செயலாளரம்மா, ரசீது போடுங்க. வீட்டுக்காரர்னு சலுகையெல்லாம் வேண்டாம்" என்பார்.

ஞாயிறு காலை பொது அறையில் சங்கம் கூடியது. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், என் கணவரின் கேரம் ஜோடி, எழுந்தார்.

"அண்ணி, இந்த நாலாவது வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

"உரிமையை இழக்கிறது. அவர் இனிமே இந்த ரூமை உபயோகிக்க முடியாது."

"எத்தனை நாளைக்கு?"

அறிவிப்பைப் பார்த்தேன். கால வரம்பு எழுதப்படவில்லை. வரம்பில்லாத தண்டனைக்கு முடிவும் இல்லை.

"என்ன அண்ணி இது! சாவியை மறந்ததுக்கு ஆயுள் தண்டனையா? டிக்கெட் எடுக்காதவனைக்கூட அடுத்த ஸ்டாப்லதான் இறக்கி விட்டோம். ஆயுசுக்கும் பஸ் ஏறாதேன்னு சொல்லலை."

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை.

"விடுப்பா. அவ எழுதினா எழுதினதுதான். எனக்காக ஒரு எழுத்தை மாத்தினா நாளைக்கு அவ பேச்சை யார் கேப்பா?" என்று சொல்லிவிட்டு, தன் கேரம் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு மாடியேறினார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் ஆசையாகக் காத்திருந்தது அந்த மாலை நேர ஆட்டத்துக்குத்தான். கீழேயிருந்து எழும் காய்கள் மோதும் சத்தத்தை நான் பலமுறை திட்டியிருக்கிறேன். இப்போது ஐந்து மணி ஆனால் வீடு நிசப்தமாக இருந்தது. அவர் பீன்ஸை ஒரே அளவாக நறுக்கினார். வீட்டிலிருந்த பேனாக்களுக்கெல்லாம் மூடி தேடிப் பொருத்தினார். என் புத்தகங்களை உயர வரிசையில் அடுக்கினார். ஒழுங்கை விரும்பும் எனக்கே அந்த ஒழுங்கு பொறுக்கவில்லை.

"என்னங்க, என்மேல கோபமா?"

"உன்மேலயா? சே. சட்டைப் பைமேலதான் கோபம். அதைத் தைச்சு மூடிடேன்."

வெள்ளிக்கிழமை மாலை நானே அடுத்த வீட்டு மணியை அழுத்தினேன். ஓட்டுநர் திகைத்துப் போனார்.

"நானும் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா அண்ணி?"

"இல்லை. அவர் தனியா காயை அடுக்கிட்டு உக்காந்திருக்கார். ஆட வாங்க."

"உங்க வீட்டுக்கா? அங்க எதெதுக்கு ஃபைன்னு முதல்லயே சொல்லிடுங்க."

"செருப்பை ஜோடியா விடணும். பவுடரைத் தரையில கொட்டக் கூடாது."

"அவ்வளவுதானே? அண்ணே, பலகையைப் போடுங்க!" என்று வாசலிலிருந்தே கூவினார். பவுடரைக் கொட்டவும் செய்தார்.

மார்ச் 24 அன்று சங்கம் மீண்டும் கூடி எடுத்த முடிவு இது: ஃபோர்ஃபிட் என்பதன் காலம் யாருக்கானாலும் ஒரு மாதம். திருத்தத்தை முன்மொழிந்தவர் ஓட்டுநர், நான் வாக்களிக்கவில்லை. முதல் கூட்டம் நடந்த நாளிலிருந்து கணக்கிட்டு, என் கணவர் ஏப்ரல் 17 முதல் பொது அறைக்குப் போகலாம். அதுவரை ஆட்டம் எங்கள் கூடத்தில் நடக்கும். அதன்பின், ஆட்டம் முடியும் நேரத்தில் நான் இறங்கிப்போய்ச் சாவியை வாங்கி ஆணியில் மாட்டுவேன்.