பின் சக்கரத்தின் பெண்டு

1

இது கட்டுரையாகத்தான் தொடங்கியது. 'பெண்டு' என்ற ஆங்கிலச் சொல் நம்மிடம் வந்து எப்படிக் குடித்தனம் நடத்துகிறது என்று எழுத உட்கார்ந்தேன். தண்ணீர்க்குழாய் திரும்புமிடத்தில் மாட்டும் துண்டு பெண்டு. சக்கரம் நெளிந்தால் பெண்டு. முதலாளி ஓயாமல் வேலை வாங்கினால் 'பெண்டு நிமிந்துடுச்சு' என்கிறோம். ஆங்கிலேயன் அதை வளைத்ததோடு விட்டுவிட்டான். நாம்தான் பல்லை எடுப்பதுபோல அதை 'எடுக்கிறோம்'.

உதாரணத்துக்கு ஒரு வொர்க்‌ஷாப் தேவைப்பட்டது. புக்கிட் ரோத்தான் சாலையோரம் கற்பனையில் ஒன்றைக் கட்டி, இஸ்கந்தர் என்ற மெக்கானிக்கை அதில் உட்காரவைத்தேன். அவர் பாட்டுக்குப் பெண்டு எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் உள்ளே வந்து, "எடுத்த பெண்ட திருப்பிப் போட முடியுமாண்ணே?" என்று கேட்டாள்.

கட்டுரை அங்கேயே செத்தது.

2

தனேஸ்வரி வந்தபோது செம்பனைத் தோட்டத்துக்கு மேலே மேகம்

(வேண்டாம். மேகத்தைப் பார்க்கும் நிலையில் அவள் இல்லை.)

தனேஸ்வரியின் கணவன் வாசு, இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது

(ஆமாம், இப்படித்தான். நேராகச் சொல்லிவிடுகிறேன்.)

திரும்பும்போது சாலையோரக் கால்வாயில் விழுந்து கிடந்தான். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பின்னால் வந்த லோரிக்காரன் போலீசில், "தூங்கிக்கிட்டே போய் அவனே விழுந்தான்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். வாசுவுக்கு எதுவும் ஞாபகமில்லை. அதுதான் வினை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி தினமும் அவளிடம் ஒன்றையே கேட்கிறான்.

"தூங்கிட்டேனா, தனேசு?"

லோரி இடித்திருந்தால் பின் சக்கரத்தில் அது தெரிந்திருக்கும். தெரிந்தது என்றுதான் தனேஸ்வரி நம்புகிறாள். மோட்டாரைக் கால்வாயிலிருந்து தூக்கியபோது பின் சக்கரம் எட்டுப்போல முறுக்கிக் கிடந்ததை அவள் கண்ணால் பார்த்தாள்.

இப்போது அந்தச் சக்கரம் வட்டமாக இருக்கிறது.

3

ஏன் என்று கேட்பீர்கள். அடிபட்ட வண்டி கோணலோடு வீட்டு வாசலுக்கு வரக்கூடாது. வந்தால் இன்னொரு ஆளைக் காவு கேட்கும் என்பார்கள். நெளிசலை எடுத்து, கழுவி, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் உள்ளே விட வேண்டும். வாசுவின் தாயார் இராஜம்மா அழுது அழுது சொன்னார். அவன் உயிர் இழுத்துக்கொண்டிருந்த நேரம். தனேஸ்வரிக்கு யோசிக்க ஏது தெம்பு? "எல்லாத்தையும் நிமித்திடுங்கண்ணே" என்று இஸ்கந்தரிடம் சொன்னவள் அவளேதான்.

(போனில் படம் எடுக்கவில்லையா என்று ஒரு வாசகர் கேட்கிறார். எடுக்காமல் என்ன? நொறுங்கிய ஹெல்மெட், ஒற்றைச் செருப்பு, கூடியிருந்த கூட்டம், எல்லாம் இருக்கின்றன, பின் சக்கரம்தான் இல்லை. போலீஸ் எடுத்த படத்தில்கூடப் பின்பாதி சேற்றுத் தண்ணீருக்குள் இருக்கிறது.)

லோரிக்காரன் மனம் திருந்தி வருவதாக ஒரு முடிவு எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்தது. கிழித்துப் போட்டேன்.

4

லோரி இடித்த தடம் உண்டா என்று இன்சூரன்ஸ்காரர் மோட்டாரைப் பார்க்க வருகிறார். பக்கத்து ஊர் ஈஜோக்கைத் தாண்டிவிட்டதாக இப்போதுதான் போன் வந்தது.

"நான் எடுத்தது நெசமாவே விழுந்த பெண்டு. நீ போடச் சொல்றது?" என்றார் இஸ்கந்தர்.

"அதே பெண்டுதாண்ணே. இருந்த எடத்துலயே வைக்கச் சொல்றேன். புதுசா ஒண்ணும் கேக்கலியே."

"மாட்டுனா ரெண்டு பேருக்கும் லோக்கப்புதான் லா."

"அவரு ராத்திரில தூங்குறதே இல்லண்ணே. கண்ண மூடுனா பயப்படுறாரு. 'தூங்கித்தானே கால விட்டேன், இன்னும் தூங்கணுமா'ங்கிறாரு. நான் என்ன செய்யட்டும்?"

இந்த இடத்தில் இஸ்கந்தரை மறுக்கவைக்கத்தான் நினைத்திருந்தேன். நல்ல மனிதர், தொழுகை தவறாதவர், மறுப்பதுதான் பொருத்தம். ஆனால் அவர் என்னைக் கேட்காமல் எழுந்துபோய்ப் பின் சக்கரத்தைக் கழற்றினார். எனக்குக் கோபம்தான். இருந்தாலும் அவள் முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் அவர், நான் இல்லை.

5

சக்கரத்தை இரண்டு கட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்தார். சுத்தியலை எடுத்தார். இடது கை விரல் ரிம்மின் மேல் மெதுவாகச் சுற்றி வந்தது. வால்வுக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு நகர்ந்தது.

"இங்கதான்... இல்ல, எதிர்ப்பக்கம்."

"நல்லா பாருங்கண்ணே."

"என்னத்தப் பாக்குறது? இருந்த எடமே தெரியாம எடுக்குறதுதானே என் வேல." அவர் குரல் இறங்கியது. "இன்னொண்ணும் சொல்லிடுறேன். அது லோரி இடிச்ச பெண்டா, கால்வாய்க் கல்லுல விழுந்த பெண்டான்னு அன்னிக்கு நான் பாக்கவே இல்ல. பெண்டுன்னு பாத்தேன், எடுத்துட்டேன்."

தனேஸ்வரி குனிந்து ரிம்மைத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை நாள் லோரிதான், லோரிதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொண்டிருந்தாளே, அதுவும் இப்போது ஆட்டம் கண்டது.

"எங்கயாச்சும் போடுங்கண்ணே," என்றாள்.

(இந்த வரியை நான் அவளுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. நீக்கிப் பார்த்தேன். நீக்கினால் கதையில் எதுவும் மிஞ்சவில்லை.)

இஸ்கந்தர் சுத்தியலை அவள் பக்கம் நீட்டினார். "என் கையால முடியாது, தங்கச்சி. நீ வேணும்னா போடு." அவள் வாங்கிக்கொண்டாள். வெளியே சரளைக்கல் நெரிபட ஒரு கார் உள்ளே திரும்பியது.

6

இரண்டு முடிவுகளையும் முழுதாக எழுதிவிட்டேன். ஒன்றில் அவள் ஓங்கி அடிக்கிறாள். இன்சூரன்ஸ்காரர் படம் எடுத்துக்கொண்டு போகிறார். இன்னொன்றில் சுத்தியலைக் கீழே வைத்து, நடந்ததை அப்படியே அவரிடம் சொல்கிறாள். அவர் உதட்டைப் பிதுக்குகிறார்.

இரண்டிலும் சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். இரண்டிலும் வாசு கேட்கிறான். இரண்டிலும் அவள், "இல்லங்க, நீங்க தூங்கல," என்றுதான் சொல்கிறாள். ஒன்றில் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள். மற்றதில் அவன் போர்வையைச் சரிசெய்துகொண்டே சொல்கிறாள். எதில் எது என்று எத்தனை முறை எழுதியும் எனக்குப் பிடிபடவில்லை.

கார்க் கதவு சாத்தப்படுகிறது. சுத்தியல் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. நீங்கள் அவள் இடத்தில் இருந்தால் சொல்லுங்கள். சீக்கிரம், அந்த ஆள் உள்ளே வருகிறார்.