கழுதைகளுக்கு மாதம் ஒரு பவுண்டு

இதை எனக்குச் சொன்னது டெஸ்மண்டா, அவர் மனைவி பெவர்லியா என்பது இப்போது சரியாக நினைவில்லை. இருவரும் ஆளுக்கொரு முறை சொல்லியிருக்கலாம். ஒருவர் சொல்லும்போது மற்றவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் மனதில் நிற்கிறது. அவர்களுக்கு ஒரு நாள் வந்த பார்சலில் இருந்தது தக்காளி சூப்பா, பட்டாணி சூப்பா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. சூப் வந்தது மட்டும் உண்மை.

டெஸ்மண்ட் ஹாஸ்லம் இங்கிலாந்தில் ஓல்டம் என்ற ஊரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மற்றவர்கள் தோட்டம் போட்டார்கள்; அவர் பேங்க் மாற்றினார். கணக்கை மாற்றிக்கொண்டு வருபவருக்கு ஏதாவது ஒரு பேங்க் நூற்றைம்பது, இருநூறு பவுண்டு என்று வெகுமதி கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. பணம் கைக்கு வந்ததும், தலைதீபாவளிச் சீரை வாங்கிக்கொண்டு அடுத்த மாமனாரைத் தேடிப் போகும் மாப்பிள்ளை மாதிரி, அடுத்த பேங்கின் படியேறுவார்.

ஆனால் வெறும் கணக்கைக் கொண்டுபோனால் மதிக்க மாட்டார்கள். மாதாமாதம் தானாகப் பணம் போகும் ஆட்டோ டெபிட் குறைந்தது இரண்டு அதோடு சேர்ந்து வர வேண்டும். வெகுமதி வரும்வரை அவை ஓடவும் வேண்டும். வீட்டு பில்களைப் பெவர்லி தன் கணக்கில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் அவரை எட்டிப் பார்க்கவும் விடவில்லை. அவர் பெயரில் இருந்தது போன் பில் ஒன்றுதான். இரண்டாவதாக, ஊருக்கு மேலே மேட்டுநிலத்தில் இருந்த கழுதைக் காப்பகத்துக்கு மாதம் ஒரு பவுண்டு என்று ஏற்பாடு செய்தார். அதைவிடக் குறைவாக வாங்கிக்கொள்ளும் தர்மம் அந்த வட்டாரத்திலேயே இல்லை, விசாரித்திருந்தார். வெகுமதி வந்த அன்றே கழுதைகளை நிறுத்துவார். அடுத்த பேங்குக்கு முன் மறுபடி தொடங்குவார். வருஷக்கணக்காக இப்படித்தான். அந்தக் கழுதைகளை அவர் பார்த்ததே இல்லை.

அந்த வருடம் நார்வேக்குக் கப்பலில் போக வேண்டும் என்று பெவர்லி முடிவு செய்து, தன் சம்பளத்திலிருந்து பாதிச் செலவைக் கட்டிவிட்டார்.

"என் பாதிய பேங்குங்க கட்டும்," என்றார் டெஸ்மண்ட். வேறு வழியும் இல்லை. சேமிப்பு முழுவதையும் அரை சதவீத வட்டிக்கு ஆசைப்பட்டு, வருஷம் முடியாமல் தொடமுடியாத கணக்கில் பூட்டிவிட்டிருந்தார். முந்தைய வெகுமதிகள் சேர்ந்துவிட்டன. கடைசி ஒன்றுதான் பாக்கி.

"மாசக் கடைசிக்குள்ள வரலன்னா உன் டிக்கெட்டு மேவிஸுக்கு," என்றார் பெவர்லி. மேவிஸ் அவருடைய தங்கை.

"அவ குறட்டை விடுவாளே."

"நீ தூக்கத்துல வட்டிக் கணக்கு சொல்றதுக்கு அது எவ்வளவோ தேவல."

அப்போதுதான் பார்சல் வந்தது. சூப் டப்பாக்கள், ஓட்ஸ் ஒரு பாக்கெட், கையால் பின்னிய கம்பளிக் காலுறை. கூட வந்த அட்டையைப் பெவர்லி உரக்கப் படித்தார்.

"'அன்புள்ள ஹாஸ்லம், இருக்கும்போது கொடுக்கிறீர்கள், இல்லாதபோது நிறுத்துகிறீர்கள், ஆனாலும் மறக்காமல் திரும்பி வருகிறீர்கள். நீங்கள் வயிற்றைக் கட்டி எங்கள் கழுதைகள் தின்ன வேண்டாம். உங்கள் ஆட்டோ டெபிட்டை நாங்களே ரத்து செய்துவிட்டோம். எடித் தோர்ப், கழுதைக் காப்பகம்.'"

பெவர்லி அட்டையை மேஜைமேல் வைத்தார். பிறகு அவரை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையோடு டெஸ்மண்டுக்கு நீண்ட பழக்கம். அதில் கோபம் எங்கே உட்காரும், சிரிப்பு எங்கே ஒளியும் என்று ஓரளவு தெரியும். அன்று இரண்டும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தன.

"யோவ், நான் உனக்குச் சோறு போடறதில்லன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தியா?"

"நான் ஒண்ணுமே சொல்லல பெவ். அவங்களா நெனச்சுக்கிட்டாங்க."

"நெனக்காம? உன் கோட்டப் பாத்தா நானே சில்லற போடுவேன்."

ரத்து என்ற சொல் மட்டுமே டெஸ்மண்டின் காதில் நின்றது. பேங்குக்குப் போன் செய்தார். புதிதாக வேறொன்றைத் தொடங்கினால் செல்லாதாம். அதே காப்பகம் அதே டெபிட்டை இந்த வாரமே திரும்பப் போட்டால்தான் வெகுமதியாம்.

மறுநாள் காலை முதியோர் இலவச பாஸைக் காட்டிப் பஸ் ஏறினார். "இத நேர்ல பாக்காட்டி என் கட்ட வேகாது," என்று பெவர்லியும் ஏறிக்கொண்டார்.

எடித் தோர்ப்புக்கு எண்பது வயதிருக்கும். சேற்று பூட்ஸும் கையில் வைக்கோல் வாரியுமாக நின்றார்.

"அம்மா, என் ஒரு பவுண்ட நீங்க மறுபடி எடுத்துக்கணும்."

"மானஸ்தன் தம்பி நீங்க. வேண்டாம். எதுல வந்தீங்க?"

"பஸ்ல."

"கார் இல்லையா?"

"வித்துட்டேன்."

எடித் பெருமூச்சு விட்டார்.

"அய்யோ, காசு இருக்கும்மா! ஒரு வருஷத்துக்கு எடுக்கத்தான் முடியாது."

"என் வீட்டுக்காரரும் சாகுற வரைக்கும் இதையேதான் சொன்னாரு."

கணக்கைக் காட்டலாம் என்று டெஸ்மண்ட் கோட்டுப் பைக்குள் போனைத் தேடினார். கையோடு வந்தது ஜாம் தடவிய ரொட்டி. வேலிக்கு மேலே கழுத்தை நீட்டிய சாம்பல் கழுதை அதைக் காகிதத்தோடு கவ்விக்கொண்டது.

"மத்தியானச் சாப்பாட்டையே குடுத்துட்டாரே!" எடித் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெவர்லி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். தோள்கள் குலுங்கின.

"பாவம், அந்தம்மா அழுவுது," என்றார் எடித்.

டெஸ்மண்ட் கழுதையைப் பார்த்தார். அதன் ஒரு காது மடங்கியிருந்தது. அவர் மனதில் அது இத்தனை வருஷமும் பேங்க் கணக்குச் சீட்டில் ஒரு வரி. இப்போது அது மெல்லுகிறது. இந்தப் பரிதாபத்தைவிட ஏச்சு வாங்குவது மேல் என்று அவருக்குப் பட்டது. வெகுமதி, ஒரு பவுண்டு, நிறுத்தியது, தொடங்கியது, நார்வே, மேவிஸ் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

கழுதை ரொட்டிக் காகிதத்தைத் துப்பியது.

"அப்ப, எங்க கழுதைங்கள வச்சு சம்பாதிச்சிருக்கீங்க," என்றார் எடித்.

"ஆமாம்மா."

"நான் பின்னுன அந்தக் காலுறைய எடுத்து நானே தலையில முக்காடாப் போட்டுக்கணும்." வாரியைத் தரையில் குத்தினார். "சூப்பத் திருப்பிக் குடுங்க."

"ஒரு டப்பாவ நேத்தே குடிச்சிட்டாரு," என்றார் பெவர்லி.

"டெபிட்ட மறுபடி போடறேன். ஆனா ஒரு பவுண்டு இல்ல, மாசம் பதினஞ்சு. நிறுத்தினா உங்க வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போகும்."

"பத்து வச்சுக்கலாமேம்மா..."

"இருபது."

"பதினஞ்சே நல்லாருக்கு."

வெளியே வரும்போது எடித் வேலியோரம் வந்து குரலைத் தாழ்த்தினார். "தம்பி, அது எந்த பேங்க்? என் கணக்கு கல்யாணம் ஆனதுலருந்து ஒரே எடத்துல தூங்குது."

வெகுமதி மாதக் கடைசிக்கு முதல்நாள் வந்தது. இருவரும் நார்வே போனார்கள். டெஸ்மண்ட் முக்கால்வாசி நேரம் வாந்தி எடுத்தார். மலைகளைப் பெவர்லி பார்த்தார். மேவிஸ் கிறிஸ்துமஸ்வரை அக்காவோடு பேசவில்லை. எடித் தோர்ப் இரண்டு முறை பேங்க் மாற்றி, அந்தப் பணத்தில் கொட்டகைக்குக் கூரை போட்டு, அதன் பிறகு வந்த குளிர்காலத்தில் காலமானார். காப்பகத்தை இப்போது அவருடைய மருமகள் நடத்துகிறார். டெஸ்மண்ட் இன்னும் பேங்க் மாற்றுகிறார். பதினைந்து பவுண்டு கூடவே மாறிப் போகிறது. செவ்வாய்க்கிழமைகளில் மேட்டுக்குப் போய்ச் சாணி அள்ளுகிறார்; அதற்குக் கூலி கிடையாது.