ஆளை விட்டுட்டுப் போகாத வண்டி

இருபத்தைந்து சீட் என்று ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருந்த பொன்ஞானம் மினிபஸ்ஸில், இரண்டாயிரத்து ஒன்பது ஜூன் மாதத்து ஒரு திங்கள்கிழமை காலை முப்பத்தொரு சீட் இருந்தது. வண்டிக்குச் சொந்தக்காரரும் டிரைவருமான தாணுலிங்கம் மூன்று தடவை எண்ணிப் பார்த்தார். பட்டறைக்காரன் மேல் சந்தேகப்பட்டு நாலு நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. சூரக்கோணத்து வியாகுலம்மாளின் மகள் ஜாஸ்மி, நர்சிங் படிக்கிற பிள்ளை, ஆர்குட்டில் பொன்ஞானத்துக்கு ஒரு ரசிகர் குழு தொடங்கியிருந்தாள். அவளோடு சேர்த்து ஆறு பேர். ஆளுக்கொரு சீட். கணக்கு ஒத்துவந்ததால் தாணுலிங்கம் அதற்கு மேல் கிண்டவில்லை.

பஸ்ஸுக்கு என்ன ரசிகர் என்று கேட்கிறவர்கள் அதில் போனவர்கள் இல்லை. பொன்ஞானம் பெரிய அழகியொன்றும் கிடையாது. முன்கண்ணாடியில் 'அய்யா துணை', ஹாரனில் தீராத இருமல், அவ்வளவுதான். ஆனால் அது ஆளை விட்டுட்டுப் போகாது. வியாகுலம்மாள் மரச்சீனிக் கிழங்குக் கூடையோடு சரிவில் இறங்கி வரப் பிந்தினால், தாணுலிங்கம் எஞ்சினை அணைத்துவிட்டுப் பேப்பர் படிப்பார். மலையடிவாரத்தில் பதினொரு வீடு உள்ள சூரக்கோணத்திலிருந்து குலசேகரம் வழியாகப் புதுக்கடைச் சந்தைக்குப் போக அந்த ஒரு வண்டிதான் உண்டு. அது இல்லையென்றால் நடைதான். குழுவின் சட்டதிட்டமும் அதே மாதிரி. சேர்வதற்குக் கேள்வியில்லை, காலையில் 'கேறியாச்சு' என்று எழுதினால் போதும், நீயும் பொன்ஞானத்தில் ஏறிவிட்டாய்.

ஆர்குட் போனது, பேஸ்புக் வந்தது. ஜாஸ்மி குவைத்துக்கு வேலைக்குப் போனாள், குழுவையும் கூடவே கொண்டுபோனாள். சவுதியில் லாரி ஓட்டுகிறவனும் பஹ்ரைனில் ஏ.சி. மாட்டுகிறவனும் விடிந்ததும் முதல் வேலையாக 'கேறியாச்சு' என்று எழுதினார்கள். இரண்டாயிரத்துப் பதினாலில் சீட் நானூறைத் தாண்டியது. முன்பக்கம் குலசேகரத்தில் நிற்கும்போது பின்பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் நிற்கும். வளைவுகளில் வண்டி தானாக வளைந்து கொடுத்தது. தையல் டீச்சர் நேசம்மாள் தன் மகளின் நிச்சயதார்த்தத்தையே பின்வரிசைகளில் நடத்தினாள்; மழை பெய்தும் ஒருத்தர் நனையவில்லை. டிரைவருக்குப் பின்னால் உள்ள முதல் சீட் மட்டும் ஜாஸ்மியுடையது. அதில் தாணுலிங்கம் தண்ணீர் பாட்டிலை வைப்பாரே தவிர யாரையும் உட்கார விடமாட்டார்.

புதுக்கடை ஷாஜனைக் குழுவுக்கு அட்மினாக்கியது ஜாஸ்மிதான், வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பையன் கெட்டிக்காரன். பொன்ஞானத்தின் இருமலை வைத்தே பாட்டு கட்டினான். ஆயிரம் ஐயாயிரமாயிற்று. கூடவே தலைக்கனமும் ஏறியது. வேறொரு பஸ்ஸின் ரசிகர்களோடு ராத்திரி பகலாகச் சண்டை. வீடியோவுக்கு ஒரு நாளைக்குள் லைக் போடாதவர்கள் வெளியே. வெறுமனே 'கேறியாச்சு' என்று எழுதுகிறவர்கள் குழுவின் தரத்தைக் கெடுக்கிறார்கள், அவர்களும் வெளியே. ஒருத்தரை நீக்கினால் ஒரு சீட் மறைந்தது, சில சமயம் உட்கார்ந்திருந்தவரோடு. ஒரு புதன்கிழமை இருநூற்றுப் பன்னிரண்டாம் சீட்டில் தூங்கிக்கொண்டு போன நேசம்மாள் கண் விழித்தபோது திருவட்டாறு ரோட்டோரத்தில், மடியில் தையல் பையோடு உட்கார்ந்திருந்தாள். "இது ஆளை விட்டுட்டுப் போகாத வண்டி, ஷாஜா. நீ இறக்கி விடுதியே" என்று ஜாஸ்மி குரல் பதிவு அனுப்பினாள். பத்து நிமிடத்தில் ஷாஜனும் அவன் சேர்த்த அட்மின்களுமாக அவளையும் நீக்கினார்கள். சூரக்கோணத்தில் தண்ணீர் பாட்டில் தொப்பென்று வெறும் தரையில் விழுந்தது. அவள் தொடங்கிய குழு, அவளுக்கே கதவடைப்பு. குவைத்தில் ஆஸ்பத்திரி மருந்து அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

எல்லோரையும் விரட்டிய பிறகு விரட்டினவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு கலைந்தார்கள். ஷாஜன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனான். குழுவில் அவன் ஒருத்தன்தான் மிச்சம். இரண்டாயிரத்து இருபத்து மூன்றில் பொன்ஞானம், ஆர்.சி. புத்தகத்து இருபத்தைந்து சீட்டையும் சேர்த்து இழந்து, ஒரு எஞ்சின், ஒரு ஸ்டியரிங், டிரைவர் சீட், பயணிக்கென்று ஒரே ஒரு சீட் என்று சுருங்கிப்போனது. அப்போதும் தாணுலிங்கம் காலை ஆறு நாற்பதுக்குச் சூரக்கோணத்தில் வந்து நின்று ஹாரன் அடித்தார். பதினொரு வீட்டுக்காரர்களும் சீட்டுக் குலுக்கிப் போட்டு நாளுக்கு ஒருத்தராகப் போனார்கள். ஒரு சீட் உள்ளதை பஸ் என்று சொல்ல முடியாது, டிசம்பர் முப்பத்தொன்றோடு பெர்மிட் ரத்து என்று ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது.

வியாகுலம்மாள் மகளுக்குப் போன் போட்டாள். "மக்களே, கிழங்கு அழுகிக் கிடக்கு. தாணுலிங்கம் வந்து நிக்கான். நான் எங்க இருக்க? அவன் மடியிலயா?"

ஜாஸ்மிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. புதுக் குழு தொடங்கிப் பார்த்தாள். பொன்ஞானம் ஒரு ஆணிகூட வளரவில்லை. வேறு வழியில்லாமல் மானத்தை மடக்கி வைத்துவிட்டு ஷாஜனைக் கூப்பிட்டாள். எதிர்முனையில் அவன் தேம்பினான். "அக்கா, எனக்குப் பேச மொகமில்ல. நானும் வெளிய போயிருதேன்."

"ஏலே, போயிராத! உள்ள ஒத்த சீட்டும் போயிரும். அழுதது போதும், என்னைச் சேத்துக்க."

சேர்த்தான். தண்ணீர் பாட்டிலுக்கு இடம் கிடைத்தது. நீக்கப்பட்டவர்களின் பட்டியல் குழுவுக்குள்ளேயே பத்திரமாக இருந்தது, நாலாயிரத்துச் சொச்சம் பெயர். ஜாஸ்மி மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, ஒவ்வொரு பெயராகத் தடையை நீக்கினாள். ஷாஜன் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக மன்னிப்பு எழுதினான். சிலரிடம் நல்ல ஏச்சும் வாங்கினான். கடைசியில் ஜாஸ்மி குழுவில் ஒரே ஒரு வார்த்தை எழுதினாள்: கேறியாச்சு. அரை மணி நேரம் கழித்து நேசம்மாள் எழுதினாள். "கேறியாச்சு. எனக்கு ஜன்னல் சீட்டு வேணும் கேட்டியா." அதற்குப் பிறகு பிடித்து நிறுத்த ஆளில்லை. போனவர்கள் வந்தார்கள், கெட்டின பெண்டாட்டியையும் கொழுந்தனையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த எதிர் பஸ்ஸின் ரசிகர்களும் மொத்தமாக வந்து கேறினார்கள். சீட் ஒரு லட்சத்தை நெருங்கியது.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி விடியற்காலை, ஆபீஸர் டேப்போடு சூரக்கோணத்தில் பின்பக்கத்திலிருந்து அளக்கத் தொடங்கினார். ஒன்பது மணிக்கு டேப் முடிந்தது, காலடியால் அளந்தார். உச்சிக்குக் குலசேகரம் தாண்டினார். விளக்கு வைக்கிற நேரத்தில் புதுக்கடைச் சந்தையில் முன்விளக்கைத் தொட்டுவிட்டு, ஒரு டீயை வாங்கிக் குடித்துவிட்டு, படிவத்தில் எழுதினார்: நீளம் போதுமானது. சந்தையில் வெடி போட்டார்கள்.

இப்போதும் தாணுலிங்கம் ஆறு நாற்பதுக்கு எஞ்சினைப் போடுகிறார், கியர் மாற்றுகிறார், வண்டியை ஒரு முழம் உருட்டுகிறார். சூரக்கோணத்தில் கேறினவர்கள் புதுக்கடையில் இறங்குகிறார்கள். எப்படி என்று யாரும் கேட்டதில்லை, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதாதா. ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டியவர்கள் ஒரு கதவில் கேறி மறு கதவில் இறங்கிக்கொள்கிறார்கள். பைக் ஓட்டுகிறவர்கள் ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டார்கள்.

மறு வருஷம் லீவுக்கு வந்த ஜாஸ்மி இரணியல் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கினாள். அந்த ஊர் பொன்ஞானத்தின் வழியிலேயே கிடையாது. ஆனாலும் ஸ்டேஷன் வாசலில் அது திறந்த கதவோடு நின்றது. முதல் சீட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு தாணுலிங்கம் திரும்பிப் பார்த்தார். "பிந்தினது நீதான் மக்கா. ஒரு லட்சம் பேரும் கேறியாச்சு" என்றார்.

ஜாஸ்மி பெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வண்டி ஒரு முழம் உருண்டது. ஜன்னலுக்கு வெளியே அம்மை வியாகுலம்மாள் கிழங்குக் கூடையோடு சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். தாணுலிங்கம் எஞ்சினை அணைத்துவிட்டுப் பேப்பரை விரித்தார்.